கீமோவும் சத்தியும்: முதல் சேலைன் ஏறுவதற்கு முன் எதைத் தேர்வது

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் பாமசிக்கு, புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களின் வீட்டுக்காரர் ஓடி வருவது பெரும்பாலும் மூன்றாம் நாள்தான். முதல் நாள் யாரும் வருவதில்லை. ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிகளின் பலத்தில் அன்று சமாளித்துவிடுகிறார்கள். இரண்டாம் நாள் "கொஞ்சம் பிரட்டுது, பாப்பம்" என்று இருப்பார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் மகனோ மருமகளோ டொக்டரின் மருந்துத் துண்டைக்கூட எடுக்காமல் வந்து, "தண்ணி குடிச்சாலும் சத்தி, ஏதாவது தாங்கோ" என்பார்கள். அந்த நேரத்தில் என்னால் கொடுக்கக்கூடியது மிகக் குறைவு. வாய்வழியாகக் கொடுக்கும் குளிசை வயிற்றில் நிற்காது. பலருக்குக் கடைசியில் ஆஸ்பத்திரியும் சேலைனும்தான் வழியாகிறது.

இதை நான் என் வீட்டிலும் பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து சிகிச்சைக்காக வந்து என்னோடு தங்கிய பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். வயது 58, நீரிழிவும் உண்டு. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முதல் சுற்றுக்கு டொக்ஸோரூபிசினும் சைக்ளோபொஸ்பமைட்டும் ஏற்றினார்கள். சத்திக்கு ஒன்டன்செட்ரோனும் டெக்ஸாமெதசோனும் மட்டும். அந்தத் துண்டை என் கையில்தான் தந்தார்கள். இந்தக் கீமோவுக்கு இது போதாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் டொக்டரிடம் திரும்பிப் போய்க் கேட்கத் தயங்கினேன். மூன்றாம் நாள் இரவு பெரியம்மா ஒன்பது தடவை சத்தி எடுத்தா. கழிவறைத் தரையில் சுவரில் சாய்ந்து இருந்தபடி, "இனி எனக்கு இந்த மருந்து வேண்டாம் பிள்ளை" என்றா. கீமோவையே வேண்டாம் என்று சொன்னா.

சத்தியை நிறுத்துவதைவிட வராமல் தடுப்பது பலமடங்கு எளிது. அந்த முடிவை முதல் சேலைன் ஏறுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். எந்த மருந்து என்ற கடைசி முடிவு உங்கள் புற்றுநோய் டொக்டருடையது. ஆனால் அவர் முன்னால் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. நீங்கள் கேட்டால் அவை பேசப்படும், கேட்காவிட்டால் வழக்கமான துண்டு எழுதப்படும்.

எந்தக் கீமோ என்று முதலில் கேளுங்கள்

எல்லாக் கீமோவும் ஒரே அளவுக்குச் சத்தி வரச் செய்வதில்லை. தடுப்பு மருந்து எதுவும் கொடுக்காவிட்டால் எத்தனை பேருக்குச் சத்தி வரும் என்பதை வைத்து மருந்துகளை நான்காகப் பிரித்திருக்கிறார்கள். 100 பேரில் 90க்கு மேல் என்றால் உயர் ஆபத்து. சிஸ்பிளாட்டினும், மார்பகப் புற்றுநோய்க்கு டொக்ஸோரூபிசினையும் சைக்ளோபொஸ்பமைட்டையும் சேர்த்துக் கொடுப்பதும் இதில் வரும். 30 முதல் 90 வரை நடுத்தரம்: ஒக்ஸலிபிளாட்டின், இரினோடெக்கன். கார்போபிளாட்டின் இந்த வகையின் மேல் நுனியில் நிற்கிறது, அதற்குக் கூடுதலாக ஒரு மருந்து சேர்ப்பார்கள். 10 முதல் 30 வரை குறைவு: பக்லிடாக்ஸல், டொசிடாக்ஸல், ஜெம்சிடபின். வின்கிறிஸ்டின், டிறஸ்டுசுமாப் போன்றவை 10க்கும் கீழே.

நம் ஊரில் டொக்ஸோரூபிசினை அதன் நிறத்தை வைத்துச் 'சிவப்பு ஊசி' என்கிறார்கள். ஏற்றியபின் ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும், அது இரத்தமில்லை. உங்களுக்குச் சிவப்பு ஊசி என்றால், இரண்டு மருந்தோடு எழுதிய சத்தித் துண்டைக் கண்டதும் வாய் திறந்து கேளுங்கள். பக்லிடாக்ஸலை வாரா வாரம் எடுப்பவர்களின் நிலைமை நேர்மாறு. ஒவ்வாமை வராமலிருக்க அதற்கு முன் எப்படியும் டெக்ஸாமெதசோன் போடுவார்கள், பலருக்கு அதுவே போதும். அவர்கள் பயத்தில் நான்கைந்து குளிசை கேட்டு வந்தால், வேண்டாம் என்று நான் திருப்பி அனுப்புவதுண்டு. தேவையில்லாத ஒன்டன்செட்ரோன் தரும் பலன் மலச்சிக்கல் மட்டும்தான்.

மருந்து ஒரு பாதி என்றால் ஆள் மறுபாதி. பெண்கள், 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், பிள்ளை வயிற்றில் இருந்தபோது கடுமையாகச் சத்தி எடுத்தவர்கள், பஸ்ஸில் ஏறினால் தலைசுற்றுகிறவர்கள், அதிகம் பயப்படுகிறவர்கள், முந்தின சுற்றில் கஷ்டப்பட்டவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். பெரியம்மாவுக்கு மூன்று பிள்ளைகளுக்கும் ஐந்தாம் மாதம் வரை சத்தி. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்தால் பொலித்தீன் பையைக் கையில் வைத்தபடிதான் வருவா. இதை அவவிடம் யாரும் கேட்கவில்லை. அவவும் தானாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தகவல் இது என்று அவவுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் நாளின் கதை வேறு

கீமோ ஏறியதும் சிறுகுடல் சுவரில் உள்ள சில கலங்கள் செரோட்டோனினைக் கொட்டுகின்றன. அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சத்தியைக் கிளப்புகிறது. முதல் 24 மணி நேரச் சத்திக்கு முக்கிய காரணம் இதுதான், ஒன்டன்செட்ரோன் அடைப்பதும் இந்த வாசலைத்தான். 1978இல் அமெரிக்காவில் சிஸ்பிளாட்டினுக்கு அனுமதி கிடைத்தபோது இந்த மருந்து இல்லை, 1991இல்தான் அது வந்தது. கீமோ என்றதும் வாளியைக் கட்டிப்பிடித்துக் கிடந்த ஒருவரை நம் மூத்தவர்கள் நினைவுபடுத்துவார்கள். அந்த நினைவு பொய்யில்லை, அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது.

இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வருவதில் மூளைக்குள் வேலை செய்யும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற இன்னொரு பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஒன்டன்செட்ரோனின் பலம் குறைந்துவிடுகிறது. "முதல் நாள் வேலை செஞ்ச அதே குளிசை இப்ப ஏன் செய்யேல்லை?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. குளிசை பழுதில்லை, வாசல்தான் வேறு.

மூன்று வழிகள்

உயர் ஆபத்துக் கீமோவுக்கு ஒன்டன்செட்ரோன் வகையில் ஒன்றும் டெக்ஸாமெதசோனும் அடித்தளம். அதன்மேல் எதைச் சேர்ப்பது என்பதில்தான் தெரிவு இருக்கிறது: சப்ஸ்டன்ஸ் பியின் வாசலை அடைக்கும் அப்ரெபிட்டன்ட் சேர்க்கலாம், ஒலன்சபின் சேர்க்கலாம், அல்லது இரண்டையும் சேர்க்கலாம். சர்வதேச வழிகாட்டிகள் இப்போது முதலில் சொல்வது இரண்டையும் சேர்த்து நான்கு மருந்தாகக் கொடுக்கும் வழியை. அது கிடைத்தால் தயங்காமல் எடுங்கள்.

ஆனால் கொழும்பில் அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், இருப்பில் இருந்தால். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது துண்டோடு கடை கடையாக ஏறி இறங்கியவர்களை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வெளியே வாங்குவதென்றால் அப்ரெபிட்டன்ட்டின் மூன்று கப்சூல் கொண்ட ஒரு பெட்டிக்கு ஆகும் காசில் ஒலன்சபின் பல மாதத்துக்கு வாங்கலாம். மலையகத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் மகரகமவில் அறை எடுத்துத் தங்கி, சாப்பாட்டுக்கும் ஓட்டோவுக்கும் கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் சிறியதில்லை.

அப்ரெபிட்டன்ட் 2003இல் வந்தது. கீமோவுக்கு ஒரு மணி நேரம் முன் 125 மி.கி., அடுத்த இரண்டு நாளும் காலையில் 80 மி.கி. விழுங்க முடியாதவர்களுக்கு ஃபொஸ்அப்ரெபிட்டன்ட் என்று நரம்பில் ஏற்றும் வடிவம் உண்டு. 150 மி.கி. ஒரே தடவையில் முடிந்துவிடும், ஆனால் ஏற்றும் இடத்தில் எரிச்சல் வரலாம். அப்ரெபிட்டன்ட்டின் பலம் சத்தியைத் தடுப்பதில் இருக்கிறது. தூக்கம் வராது, மூத்தவர்கள் தடுமாறி விழும் பயமில்லை. சிலருக்கு விக்கல் வரும். வேறு மருந்துகளோடு மோதும் குணம் இதற்கு உண்டு. டெக்ஸாமெதசோனின் அளவை உடம்பில் கூட்டிவிடும் என்பதால் அதைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். வார்ஃபரின் எடுப்பவர்கள் இரத்தம் உறையும் அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும். கருத்தடைக் குளிசை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு ஒரு மாதத்துக்கு அது போதாது.

ஒலன்சபின் மலிவானது, பழையது, எந்தப் பெரிய பாமசியிலும் கிடைக்கும். இதன் பலம் குமட்டலில் இருக்கிறது. சத்தியையும் குமட்டலையும் ஒன்றாக எண்ணாதீர்கள். சத்தியை எண்ண முடியும், அதனால் டொக்டரும் தாதியும் அதையே கேட்கிறார்கள். குமட்டலை எண்ண முடியாது. மூன்று நாளும் ஒரு தடவைகூடச் சத்தி எடுக்காத ஒருவர், சோற்று வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பி, ஒரு வாய் சாப்பிடாமல் மெலிந்து போவதை நான் எத்தனை தடவை கண்டிருக்கிறேன்! அவரின் கோப்பில் "சத்தி இல்லை" என்றுதான் இருக்கும்.

இந்த இரண்டு மருந்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் 2011இல் வந்தது. இரண்டு பக்கமும் ஒன்டன்செட்ரோன் வகையைச் சேர்ந்த பலோனோசெட்ரோனும் டெக்ஸாமெதசோனும் பொது. ஒரு பக்கம் ஒலன்சபின், மறுபக்கம் அப்ரெபிட்டன்ட். சத்தியைத் தடுப்பதில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். இரண்டாம் நாளிலிருந்து குமட்டலே இல்லாமல் இருந்தவர்களைப் பார்த்தால் ஒலன்சபின் பக்கம் 69 சதவீதம், அப்ரெபிட்டன்ட் பக்கம் 38. அதனால் ஒன்றுக்குத்தான் காசிருக்கிறது, ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் நான் ஒலன்சபினைக் கேட்கச் சொல்வேன். நடக்கும்போது ஏற்கெனவே தள்ளாடுகிற 80 வயதுக்காரர், தூக்கக் குளிசையும் எடுப்பவர் என்றால் என் மனம் அப்ரெபிட்டன்ட் பக்கம் போகும்.

நான்கு மருந்தும் சேர்த்தால் எல்லாம் நின்றுவிடுமா? 2016இல் வந்த பெரிய ஆய்வில் 380 பேருக்கு மூன்று மருந்து கொடுத்து, அதில் பாதிப்பேருக்கு ஒலன்சபினும் சேர்த்தார்கள். ஐந்து நாளும் குமட்டலே தெரியாமல் இருந்தவர்கள் ஒலன்சபின் எடுத்தவர்களில் 37 சதவீதம், எடுக்காதவர்களில் 22. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் மிகச் சிறந்த வழியிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓரளவு குமட்டல் வந்திருக்கிறது. "எல்லாம் எடுத்தும் பிரட்டுதே" என்று மனம் உடைய வேண்டாம். கொஞ்சம் பிரட்டினாலும் சாப்பிட முடிகிறதா, தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.

"இது மனநோய்க் குளிசை இல்லையா?"

ஒலன்சபினைக் கொடுக்கும்போது நான் அதிகம் பேசுவது இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான். பெரியம்மாவுக்கு இரண்டாம் சுற்றில் டொக்டர் ஒன்டன்செட்ரோனைப் பலோனோசெட்ரோனாக மாற்றி, இரவில் ஒலன்சபின் 5 மி.கி. சேர்த்தார். முதல் இரவு எடுத்தா. மறுநாள் ரொறொன்ரோவில் இருக்கும் மகன் வீடியோ கோலில் வந்து, குளிசை அட்டையைக் காட்டச் சொல்லி, இணையத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது மனநோய்க்காரருக்குக் குடுக்கிற மருந்து, நிப்பாட்டுங்கோ" என்று சொல்லிவிட்டார். தாயில் உள்ள அக்கறையில் சொன்னதுதான். பெரியம்மா எனக்குச் சொல்லாமல் இரண்டாம் இரவு விட்டுவிட்டா. மூன்றாம் நாள் பிரட்டல் திரும்பி வந்தது.

ஒரு மருந்து மூளையில் பல வாசல்களை அடைக்கும். ஒலன்சபின் அடைக்கும் வாசல்களில் சில சத்திக்கும் உரியவை. மனநோய்க்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கொடுக்கிறார்கள். இங்கே ஒரு சுற்றுக்கு நான்கு இரவுதான். நான்கு நாளில் உடல் பருக்காது, அடிமையாக மாட்டீர்கள், மனம் மாறாது. உண்மையான தொல்லை பகலில் வரும் தூக்கம், முக்கியமாக முதல் இரண்டு நாள். இரவு சிறுநீருக்கு எழும்பும்போது தலை சுற்றி விழலாம். படுக்கையில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள், பாதையில் ஒரு சின்ன லைட் போட்டு வையுங்கள். அந்த நாட்களில் வாகனம் ஓட்ட வேண்டாம்.

அளவு பற்றியும் பேச இடமிருக்கிறது. ஆரம்ப ஆய்வுகள் 10 மி.கி. கொடுத்தன. ஜப்பானில் சிஸ்பிளாட்டின் எடுத்தவர்களுக்கு 5 மி.கி.யை இராச்சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். இரண்டாம் நாளிலிருந்து சத்தியில்லாமலும் அவசர மருந்து தேவைப்படாமலும் இருந்தவர்கள் 79 சதவீதம், ஒலன்சபின் இல்லாதவர்களில் 66. பிறகு மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் 2.5 மி.கி.யையும் 10 மி.கி.யையும் ஒப்பிட்டு 2024இல் வெளியிட்டார்கள். சத்தியும் குமட்டலும் கட்டுப்பட்டவர்கள் 45 சதவீதமும் 44 சதவீதமும், அதாவது ஒன்றுதான். தூக்கமோ குறைந்த அளவில் மிகவும் குறைவு. நம்மைப் போன்ற தெற்காசிய உடல்களில் பார்த்த ஆய்வு என்பதால் இதை நான் கூடுதலாக மதிக்கிறேன். துண்டில் 10 மி.கி. எழுதியிருந்து, நோயாளி மெலிந்தவர் அல்லது மூத்தவர் என்றால், "குறைந்த அளவில் தொடங்கலாமா டொக்டர்?" என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

பலோனோசெட்ரோனா, ஒன்டன்செட்ரோனா

இதில் நீண்ட யோசனை தேவையில்லை. முதல் நாள் இந்த வகை மருந்துகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. பலோனோசெட்ரோன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 40 மணி நேரம் எடுக்கும், ஒன்டன்செட்ரோனுக்குச் சில மணி நேரம்தான். ஜப்பானில் 1,100க்கு மேற்பட்டவர்களில், ஒன்டன்செட்ரோனின் உறவான கிரானிசெட்ரோனோடு ஒப்பிட்டபோது, முதல் நாள் இரண்டும் சமம். பிந்திய நாட்களில் சத்தியைத் தடுத்ததில் 57 சதவீதத்துக்கு 45 என்று பலோனோசெட்ரோன் முன்னால் நின்றது. அப்ரெபிட்டன்ட் இல்லாமல் ஒலன்சபின் வழியில் போகிறீர்கள் என்றால் பலோனோசெட்ரோனைச் சேர்த்துக் கேளுங்கள். அப்ரெபிட்டன்ட் இருக்கிறது என்றால் சாதாரண ஒன்டன்செட்ரோனே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். பலோனோசெட்ரோன் போட்டவர்களுக்கு அடுத்த இரண்டு நாளும் வீட்டில் ஒன்டன்செட்ரோன் குளிசையும் எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒரே வாசலுக்கு இரண்டு பூட்டு அது.

டெக்ஸாமெதசோனும் சீனி வருத்தமும்

மலிவு, பலம் இரண்டும் சேர்ந்த மருந்து இது. ஆனால் இது இரத்தத்தில் சீனியைக் கூட்டும் ஸ்டீரொயிட், நம் வீடுகளில் சீனி வருத்தம் உள்ளவர்களோ பலர். பெரியம்மாவுக்கு முதல் சுற்றில் மூன்றாம் நாள் குளுக்கோஸ் அளவு 300ஐத் தாண்டியது. இரவு முழுக்கத் தூக்கமும் இல்லை. காரணம், குளிசையைக் காலையும் மாலையுமாகப் பிரித்து எடுத்திருக்கிறா. சாப்பாட்டுக்குப் பிறகு, காலையில், முடிந்தால் ஒரே தடவையில் எடுப்பது நல்லது. மாலையில் எடுத்தால் விடிய விடியக் கண் திறந்திருக்கும், அந்தக் களைப்பே மறுநாள் குமட்டலைக் கூட்டும்.

எத்தனை நாள் என்பதில் தெரிவு உண்டு. சிஸ்பிளாட்டினுக்கு நான்கு நாள் கொடுப்பது வழக்கம். சிவப்பு ஊசிக் கீமோவுக்கு, மற்ற மருந்துகள் சரியாக இருந்தால், முதல் நாளோடு நிறுத்தலாம் என்பது இப்போது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. நீரிழிவு, வயிற்றுப் புண், தூக்கமின்மை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பேச வேண்டும். பேசாமல் தானாக நிறுத்தக் கூடாது, முக்கியமாக அதை வேறு காரணத்துக்காகவும் எடுப்பவர்கள்.

தடுத்தும் வந்துவிட்டால்

ஒரு அவசரக் குளிசை வீட்டில் முன்கூட்டியே இருக்க வேண்டும். இங்கே வழக்கமாக வாங்குவது டொம்பெரிடோன் அல்லது மெட்டோகுளோபிரமைட். தடுப்பில் ஒலன்சபின் எடுக்காதவருக்கு, அவசரத்துக்கும் அதுவே மேலானது. 2013இல் வந்த ஆய்வில், தடுப்பு மருந்தை மீறிச் சத்தி வந்த 108 பேரில் ஒலன்சபின் கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கு அடுத்த மூன்று நாளும் சத்தி வரவில்லை. மெட்டோகுளோபிரமைட் கொடுத்தவர்களில் 31 சதவீதத்துக்குத்தான் அந்த நிம்மதி கிடைத்தது. ஒலன்சபின் ஏற்கெனவே எடுப்பவர் மெட்டோகுளோபிரமைட்டை அதனோடு சேர்க்கக் கூடாது. இரண்டும் ஒரே திசையில் இழுத்து, கழுத்தும் தாடையும் கோணும் நிலை வரலாம். இளம் பெண்களில் மெட்டோகுளோபிரமைட் தனியாகவே இதைச் செய்யும். இருபது வயதுப் பிள்ளை ஒன்று கழுத்து ஒரு பக்கம் திரும்பியபடி கண்ணீரோடு எங்கள் கடை வாசலில் நின்றதை நான் மறக்கவில்லை. ஊசி ஒன்றில் சரியாகியது, ஆனால் அந்தத் தாய் பட்ட பயம்! டொம்பெரிடோனுக்கு அந்தத் தொல்லை குறைவு. இதய வருத்தம் உள்ளவர் அதை ஒன்டன்செட்ரோனோடு சேர்த்தால் இதயத் துடிப்பு குழம்பலாம், அதனால் கேட்காமல் வாங்க வேண்டாம்.

குளிசை விழுங்கி அரை மணி நேரத்துக்குள் அப்படியே வெளியே வந்துவிட்டால், திரும்ப எடுக்கலாமா என்று கிளினிக்குக்குப் போன் செய்து கேளுங்கள். நாக்கில் கரையும் ஒன்டன்செட்ரோன் ஒரு அட்டை வாங்கி வைப்பதும் நல்லது.

எல்லாச் சத்திக்கும் கீமோதான் காரணம் என்று இருந்துவிடவும் கூடாது. காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், நேரம் எதுவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வயிறு வீங்கி, மலமும் காற்றும் போகாமல் சத்தி வந்தாலும், கடுமையான தலையிடியோடு வந்தாலும், ஒரு நாளாகத் தண்ணீர் நிற்காமல் சிறுநீர் குறைந்து கறுத்தாலும் அப்படியே. சிஸ்பிளாட்டின் எடுத்தவர்களுக்கு நீர் வற்றினால் சிறுநீரகம் கெடும், அவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் இருக்கிறது, அதற்குக் காசில்லை.

அடுப்படிப் பக்கம்

இஞ்சி பற்றிக் கேட்காதவர் இல்லை. அமெரிக்காவில் 576 பேரில் பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான மருந்தோடு நாளுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் இஞ்சி எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. வேறு சில ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. ஒரு கிராம் தூள் என்றால் ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்பது நம் வீடுகளில் எப்போதும் உள்ளது. பிடித்தால் குடியுங்கள், அந்தச் சூடும் நீரும் உதவும். குளிசைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். இரத்தம் உறையாமல் மருந்து எடுப்பவர்களும் பிளேட்லெட் குறைந்தவர்களும் இஞ்சியை அளவோடு நிறுத்த வேண்டும். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத கசாயமும் லேகியமும் கீமோ முடியும் வரை வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு, அவை ஈரலில் கீமோ மருந்தோடு மோதலாம்.

வாசனைதான் பெரிய எதிரி. வெள்ளவத்தை ஃபிளட்டில் பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் நம் வீட்டுக்குள் மணக்கும். கீமோவுக்குப் பிந்திய மூன்று நாளும் நான் தாளிதத்தை விட்டுவிட்டேன். சோற்றை ஆறவிட்டுத்தான் மேசைக்குக் கொண்டுபோவேன், ஆறிய சாப்பாடு குறைவாக மணக்கும். காலையில் எழும்பும் முன் ஒரு கிரீம் கிராக்கர், பிறகு இரண்டு மணிக்கொரு தடவை கொஞ்சம் கஞ்சியோ, பாணோ, சொதி விட்ட இடியப்பமோ. தேசிக்காய்த் தண்ணியில் சிறிது உப்பு. ஒன்றுமே நிற்காத நாளில் ஜீவனி என்ற நீரிழப்புக்கான தூளைக் கரைத்து ஒவ்வொரு கரண்டியாக.

அந்த நாட்களில் அவர்களுக்கு மிகப் பிடித்த சாப்பாட்டைச் சமைக்காதீர்கள். முதல் சுற்றில் பெரியம்மாவைத் தேற்ற என்று இரண்டாம் நாள் நண்டுக் கறி வைத்தேன். அதைச் சாப்பிட்டு அரை மணி நேரத்தில் சத்தி. மூளை அந்தச் சுவையையும் சத்தியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. இன்றுவரை நண்டு என்ற பேச்சே பெரியம்மாவுக்குப் பிடிக்காது. நண்டுக்காகவே பண்ணைக் கடலோரம் விடியற்காலையில் போய் நின்ற மனுசி அவ.

இதே முடிச்சு ஆஸ்பத்திரி மீதும் விழும். எங்கள் கடைக்கு வரும் ஒருவருக்கு 138 பஸ் தெல்கந்தையைத் தாண்டும்போதே வாய் ஊறத் தொடங்கும், மகரகமவில் இறங்குமுன் சத்தி வந்துவிடும். கீமோ இன்னும் ஏறவே இல்லை. இந்த முன்கூட்டிய சத்திக்கு ஒன்டன்செட்ரோன் வேலை செய்யாது. முந்தின இரவும் அன்று காலையும் பதற்றத்தைக் குறைக்கும் லொராசெபாம் சிறிய அளவில் கொடுக்கிறார்கள், மூச்சுப் பயிற்சியும் உதவும். ஆனால் முதல் சுற்று நல்லபடியாகப் போனவர்களுக்கு இது வருவது அரிது. முதல் சுற்றைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு தாள்

பெரியம்மாவின் இரண்டாம் சுற்றிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். ஐந்து நாளுக்கும் ஐந்து கட்டம். எந்தக் குளிசை எத்தனை மணிக்கு, பிரட்டல் பத்துக்கு எத்தனை, எத்தனை தடவை சத்தி, என்ன சாப்பிட்டது, காலைக் குளுக்கோஸ், பகலில் எவ்வளவு நேரம் தூக்கம். பிரட்டல் வராவிட்டாலும் நேரத்துக்குக் குளிசை எடுக்க வேண்டும் என்பதைப் பெரியம்மா அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டா. அதுவரை வந்தால் எடுப்பம் என்றே இருந்தா. ஒலன்சபினை விட்ட இரவும், மறுநாள் ஏழு என்று எழுதிய எண்ணும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருந்தன. மகனுக்கு அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். அவர் திரும்பக் கூப்பிட்டு, "அம்மாக்கு அந்தக் குளிசையைக் குடுங்கோ அக்கா" என்றார்.

மூன்றாம் சுற்றில் நான்கு இரவும் எடுத்தா. சத்தி ஒரு தடவை, பிரட்டல் மூன்றுக்கு மேல் போகவில்லை. ஆனால் முதல் இரண்டு பகலும் கதிரையிலேயே தூங்கி விழுந்தா. டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு நான்காம் சுற்றுக்கு ஒலன்சபினை 2.5 மி.கி. ஆக்கினார், டெக்ஸாமெதசோனை முதல் நாளோடு நிறுத்தினார். அந்தச் சுற்றின் மூன்றாம் நாள் பெரியம்மா காலை ஆறரைக்கு எழும்பி, தானே தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு, எனக்கும் ஒன்று கொண்டுவந்து தந்தா.